எட்டுப் பட்டைகளும் ஒரே உயரம்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எந்தக் கட்டுரையும் வெளியே போவதற்கு முன்னால் ஒரு முறை அடிபட்டாக வேண்டும். அதற்குப் பெயரே உடைப்பு. கட்டுரை எழுதியவர்கள் செமினார் அறையில் முதல் வரிசையில் உட்கார வேண்டும். கையில் பேனா கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. அவர்களைக் கண்டாலே ஆகாத ஒருவரை இயக்குநர் தேடிப் பிடித்துப் பலகைக்கு முன்னால் நிறுத்துவார். வேண்டப்பட்டவர்களை நிறுத்தினால் மெல்லத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது அந்த அம்மாளின் அனுபவம். ஆகாதவர் மூச்சு முட்டும் வரை அடிப்பார். பிறகு ஒரு இடைவேளை. அதற்குப் பிறகுதான் எழுதியவர்கள் எழுந்து பதில் சொல்லலாம். பதில் நின்றால் கட்டுரை பத்திரிகைக்குப் போகும், நிற்காவிட்டால் குப்பைக்கு.

அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அக்காவும் தம்பியும். உடன்பிறந்தவர்கள். நிறுவனத்தில் வாசல் காவலர் வரை எல்லோரும் அவர்களை அக்கா, தம்பி என்றுதான் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர்களுடைய அறைகள் ஒரே நடைபாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இருந்தும், பேச்செல்லாம் மின்னஞ்சலில்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்து ஒருத்தருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று மற்றவரிடம் விசாரிப்பாள். இரண்டு பேரும் 'நல்லாத்தான் இருக்கும்' என்பார்கள், ஏதோ வானிலையைச் சொல்வதுபோல.

அக்கா எழுதுவது குவாண்டம் கணினிக்கான அல்காரிதம். தம்பி வைத்திருப்பது குவாண்டம் கணினி.

அக்காவின் அல்காரிதம் என்ன செய்கிறது என்பதை ஒரு தெருவை வைத்துப் பார்த்துவிடலாம். முடிவே தெரியாத ஒரு நீளமான தெரு. வீடுகளுக்கு வெவ்வேறு நிறம். ஆனால் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு முறை அதே நிறங்கள் அதே வரிசையில் திரும்ப வருகின்றன. எத்தனை வீட்டுக்கு ஒரு முறை? அதுதான் கேள்வி. சாதாரணக் கணினி ஒவ்வொரு கதவாகத் தட்டி, நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டே போகும். சுற்று பெரிதாக இருந்தால் உலகம் அழியும் வரை தட்டிக்கொண்டே இருக்கலாம். குவாண்டம் கணினி எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் தட்டும். அப்படியானால் எல்லா விடையும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எல்லாக் கதவும் திறக்கும், ஆனால் நம் காதில் விழுவது ஒரே ஒரு குரல். ஆகவே அல்காரிதம் எழுதுகிறவருடைய வேலை, குளத்தில் எழும் அலைகளைப் போல அந்தக் குரல்களை ஒன்றோடொன்று மோதவிடுவது. உதவாத குரல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். சுற்றைப் பற்றித் துப்புச் சொல்லும் குரல்கள் மட்டும் ஓங்க வேண்டும்.

இது பழைய வித்தை, பலருக்கும் தெரிந்ததுதான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அக்கா கண்டுபிடித்தது, இதையே பாதிக் கம்பிகளில் செய்யும் வழி. குவாண்டம் கணினியில் கம்பி என்பது, க்யூபிட் என்கிற அதன் தகவல் துளி ஒன்று பயணம் செய்யும் பாதை. பயன்படுத்திய கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்று அவள் காட்டினாள். கம்பி குறையும், ஆனால் நேரம் கூடும். இந்த 'ஆனால்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சுத்தியல் அவளைப் பதினெட்டு வருடமாக அடித்துக்கொண்டிருந்தார்.

சுத்தியல் என்பது, குவாண்டம் கணினி செய்யும் பிழைகளைச் சரிசெய்ய வழி தேடும் பிழைதிருத்தப் பிரிவின் தலைவர். மாணவர்கள் வைத்த பெயர், அவருக்கும் அதில் பெருமைதான். க்யூபிட் ஒரு நொடியின் துளி நேரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் மேடத்தின் அல்காரிதம் செருப்பைக்கூட மாட்டியிருக்காது என்று மாநாடு மாநாடாகச் சொல்லி வந்தார். 'அடுப்பில்லாத சமையல் குறிப்பு' என்று ஒரு முறை மேடையிலேயே சொன்னார். அறை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் தம்பியும் ஒருவன்.

இப்போது அதே தம்பியின் கணினியில் அதே அல்காரிதம் ஓடிவிட்டது என்கிறது கட்டுரை. ஒளித்துவைத்த சுற்று எட்டு. கணினி எட்டு என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. இயக்குநர் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். பதினெட்டு வருடமாக ஓடும் ஓடும் என்றே சொல்கிறீர்கள், இந்த உடைப்பில் கட்டுரை நின்றால் உங்கள் குழு நிற்கும், விழுந்தால் குழுவைக் கலைத்துச் சுத்தியலின் பிரிவில் சேர்த்துவிடுவேன் என்று அக்காவிடம் நேராகவே சொல்லியிருந்தார். ஆகவே அக்கா வாயை மூடிக்கொண்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, சுத்தியல் பலகைக்கு முன்னால் சட்டைக் கையை மடித்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுத்தியல் முதலில் குளிரைப் பிடித்தார். தம்பியின் கணினி, ஓர் ஆள் உயரத்துக்குத் தலைகீழாகத் தொங்கும் தாமிரச் சரவிளக்கு மாதிரி இருக்கும். தட்டு தட்டாகக் கீழே இறங்க இறங்கக் குளிர் ஏறும். கடைசித் தட்டில் நகத்தளவு சிப். அங்கே விண்வெளியைவிடக் குளிர். அந்தச் சிப் சூடேறியிருந்தது என்று காட்டப் பார்த்தார். வெப்பமானிகள் எல்லாம் சரியாக இருந்தன. அடுத்து, தவறான விடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சரியானதை மட்டும் காட்டுகிறார்கள் என்றார். பின் வரிசையில் யாரோ, அதுதானே சார் முறை என்று முணுமுணுத்தார்கள். உண்மைதான். கணினி 'நான்கு' என்று சொன்னால் பூஜ்யமாவது வீட்டையும் நாலாவது வீட்டையும் தட்டிப் பார்க்கலாம். நிறம் வேறாக இருந்தால் விடை தப்பு, தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு முறை ஓட்டலாம். விடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், சரிபார்ப்பதற்கு இரண்டு தட்டல் போதும்.

சுத்தியலுக்கு நெற்றி வேர்த்தது. அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் குளிர்ந்தது.

கடைசியில் அவர், சரிபார்த்து வடிகட்டிய விடை வேண்டாம், கணினி துப்பியதைத் துப்பினபடியே காட்டச் சொல்லுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டார். கட்டுரையில் அந்தப் படம் இல்லை. தம்பி எழுந்து, யாரையும் பார்க்காமல், மடிக்கணினியிலிருந்து ஒரு படத்தைத் திரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

எட்டுப் பட்டைகள். பூஜ்யத்திலிருந்து ஏழு வரை ஒவ்வொரு எண்ணும் எத்தனை தடவை வந்தது என்பதற்கு ஒரு பட்டை. எட்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அதன் மேல் அக்காவின் சூத்திரம் என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு சிவப்புக் கோடு. அதுவும் மட்டமாகப் பட்டைகளின் தலையை உரசிக்கொண்டு போனது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொருத்தம்.

சுத்தியல் அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அந்த அறை கேட்டதே இல்லை. சாக்பீஸை வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். இயக்குநர் இடைவேளை என்றார்.

எல்லோரும் காபிக்கு எழுந்து போனார்கள். அக்கா எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அவள் இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள். வயர் விஷயத்தில் தலையிடாதே என்று தம்பி முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தான். நீயும் சூத்திரத்தில் கைவைக்காதே என்று அவள் பதில் போட்டிருந்தாள். அவன் விடைகளை அனுப்பினான், இவள் கட்டுரையை எழுதினாள்.

விடை எண்ணைத் தரும் கம்பிக்கு எண்ணும் கம்பி என்று பெயர், ஒவ்வொன்றும் பூஜ்யம் அல்லது ஒன்று தரும். எட்டுப் பட்டை என்றால் எண்ணும் கம்பிகள் மூன்று. தம்பி எழுதி அனுப்பி, அவள் அப்படியே கட்டுரையில் சேர்த்த கணினிப் பகுதியிலும் மூன்று என்றுதான் இருந்தது. வேறு யாராவது படித்திருந்தால் மூன்றுதானா என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். அக்கா சந்தேகப்படவில்லை. குறைந்த கம்பியில் வேலையை முடிப்பதுதானே அவள் அல்காரிதத்தின் பெருமை! மூன்றைப் பார்த்ததும் தன் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கி வந்தமாதிரி பூரித்துப்போய் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

நடைபாதையின் கோடியில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தம்பியைப் பிடித்தாள்.

"எண்ணுற கம்பி ஏன்டா மூணுதான் இருக்கு? நான் எழுதினது பதினொண்ணு."

"கம்பியத் திரும்பத் திரும்ப யூஸ் பண்ணலாம்னு நீதானே சொன்னே."

"யூஸ் பண்றது வேற, வெட்டிப் போடுறது வேற. மீதி எட்டு எங்க?"

"சுருக்கிட்டேன்."

"எத வெச்சு?"

அவன் காகிதக் கோப்பையை நசுக்கினான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சுருக்குதல் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. சர்க்யூட்டில், அதாவது அல்காரிதம் ஓடும் கம்பிகளின் அமைப்பில், ஒரு கம்பியின் மதிப்பு கடைசி வரை மாறவே மாறாது என்றால் அந்தக் கம்பியை எடுத்துவிடலாம். சர்க்யூட் சின்னதாகும், க்யூபிட் சாவதற்குள் வேலை முடியும். தப்பே இல்லை. ஆனால் எந்தக் கம்பி மாறாது என்று எப்படித் தெரியும்? தம்பி முதலில் கணக்கைச் சாதாரணக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டான். சுற்று எட்டு என்றால் எதெது மாறாது என்று தெரிந்துபோனது. அதையெல்லாம் வெட்டினான். ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். கடைசியில் மிஞ்சியதுதான் அந்த மூன்று கம்பி.

"எட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டு, எட்டு வீட்ட மட்டும் விட்டுட்டு மொத்தத் தெருவையும் இடிச்சுட்டே" என்றாள் அக்கா. "அப்புறம் அதுகிட்டயே போய், இங்க எத்தன வீடுன்னு கேட்டிருக்கே."

"எல்லாரும் சுருக்குறாங்க. சுருக்காம ஓட்டினா அர்த்தமில்லாத இரைச்சல்தான் வரும்."

"இப்ப வந்திருக்கறதும் இரைச்சல்தான்டா."

அவன் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தான். அவனுக்கு அது தெரிந்திருந்ததா, தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பார்த்தானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்தபோதும் இதே முகம்தான்.

"சுத்தியலுக்கே கண்ணுல படல" என்றான் மெல்ல. "நீ எதுக்கு வாயத் திறக்குறே? என் மெஷின் எங்கயும் போகாது அக்கா. போறது உன் குழு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் திரும்பி நடந்தாள். தம்பிமேல் கோபம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. அவளுடைய அல்காரிதம் அந்தச் சிப்புக்குள் நுழையவே இல்லை. அதன் பெயரைச் சொல்லி வேறு எதையோ மேடையேற்றிவிட்டார்கள். கை தட்டினால் அந்த வேறு எதற்கோ தட்டுவார்கள். அதோடு, சுத்தியல் தோற்றதாக நினைத்துக்கொண்டு தப்பான காரணத்துக்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடிக்கத் தெரியாதவனிடம் ஜெயிப்பது என்ன ஜெயிப்பு?

இடைவேளை முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், தம்பி எழுவதற்கு முன்னால் அக்கா பலகைக்குப் போனாள். யாரிடமாவது சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று நாணயங்கள் கைமாறி வந்தன. அவற்றை அப்படியே சுத்தியலின் மேஜையில் வைத்தாள்.

"நான் போட்டா நம்ப மாட்டீங்க. நீங்களே சுண்டுங்க சார்."

அவர் இது என்ன வம்பு என்று இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தலையசைத்தார். சுண்டினார். தலை, பூ, தலை.

அக்கா பலகையில் எழுதினாள். முதல் நாணயம் தலை விழுந்தால் நான்கு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. பூ விழுந்தால் பூஜ்யம். ஆக, நான்கும் ஒன்றும் ஐந்து. கட்டுரையில் கணினி தந்த எண்ணை வைத்து என்ன செய்தார்களோ அதையே இதற்கும் செய்தாள். வரக்கூடிய எண்கள் மொத்தம் எட்டு என்பதால் எட்டால் வகுத்து, பின்னத்தைச் சுருக்கி, கீழே நிற்கும் எண்ணை விடையாக எடுப்பது. எட்டில் ஐந்து. சுருங்காது. கீழே எட்டு.

"விடை எட்டு" என்றாள். "இன்னொரு தடவை."

தலை, தலை, பூ. ஆறு. எட்டில் ஆறு சுருங்கினால் நான்கில் மூன்று. கீழே நான்கு. சரிபார்த்தால் தப்பு, தூக்கிப் போடலாம். அடுத்து பூ, பூ, தலை. எட்டில் ஒன்று. மறுபடி எட்டு. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. கடைசி நாணயம் தலை விழுந்தால் போதும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இரண்டுக்கு ஒரு தடவை எட்டு. கட்டுரையில் கணினி ஜெயித்ததும் இரண்டுக்கு ஒரு தடவைதான்.

அவள் விளக்க ஆரம்பித்தாள். விளக்கும்போது குரலில் ஒரு உற்சாகம் ஏறியது, பாடம் நடத்துகிற மாதிரி. பதினொரு கம்பி இருந்திருந்தால் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு எண்கள் வர வாய்ப்பு உண்டு. அல்காரிதம் உண்மையாக வேலை செய்தால் அதில் எட்டே எட்டு இடத்தில் மட்டும் ஊசி மாதிரிப் பட்டைகள் எழும்பும், மற்ற இடமெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெற்றிடம்தான் சாட்சி. குரல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன என்பதற்கு அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. சுருக்கும்போது ஊசி இருக்கும் எட்டு இடத்தை வைத்துக்கொண்டு வெற்றிடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டோம். மிச்சம் எட்டுப் பட்டை, எட்டும் ஒரே உயரம். கணினி ஒழுங்காக இருந்தாலும் அந்தப் படம்தான் வரும். செத்துக் கிடந்தாலும் அந்தப் படம்தான் வரும். பொருத்தம் தொண்ணூற்றொன்பது வந்ததில் ஆச்சரியமே இல்லை, இரைச்சலுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் அவ்வளவு ஒற்றுமை.

சுத்தியல் நாணயங்களை விரலால் தள்ளினார். பிறகு எழுந்து நின்றார். "ஆக மொத்தம் ஓடல. நான் பதினெட்டு வருஷமா சொல்றது இதைத்தான். உடைச்சவர்னு என் பேரப் போட்டுக்குங்க."

"நீங்க சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு உட்கார்ந்தீங்களே" என்றார் இயக்குநர்.

"மேடத்தோட அல்காரிதம் தோத்துடுச்சா இல்லையா?"

"தோக்கறதுக்கு முதல்ல அது களத்துல இறங்கணும் சார்" என்றாள் அக்கா. "இன்னும் யாரும் அதை ஓட்டவே இல்ல."

இயக்குநர் தன் காகிதங்களை அடுக்கினார். கட்டுரை போகாது என்றார். குழுவைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான், மாத முடிவில் அக்காவின் ஆட்கள் பிழைதிருத்தப் பிரிவுக்கு மாற வேண்டும் என்றார். உங்க நேர்மைக்கு நன்றி என்று சேர்த்துக்கொண்டார். அக்காவுக்கு அதைக் கேட்டு உடம்பெல்லாம் எரிந்தது.

தம்பி அதற்குள் எழுந்து போயிருந்தான். கணினி அறையில் இருப்பான் என்று தெரியும். நேராக அங்கே போனாள். பம்புகள் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவன் குளிர்விப்பானை நிறுத்துவதற்கான திரையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். ஒரு முறை நிறுத்திச் சூடேற்றினால் மறுபடி குளிர்ந்து வேலைக்கு வர நாளாகும்.

"நிறுத்தறதுக்கு முன்னால ஒரு தடவை ஓட்டு. சுருக்காம. பதினொரு கம்பியும்."

"என்ன வரும்னு உனக்கே தெரியும்."

"ஓட்டு."

அவன் மறுத்துத்தான் பேசினான். அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டு இப்போது வேலையும் வாங்க வந்தாயா என்றான். அக்கா நகரவில்லை. கடைசியில் அவளைக் குத்திக்காட்டுவதற்காகவே ஓட்டினான். விசைப்பலகையை அவன் தட்டிய தட்டில் எழுத்துகள் பெயர்ந்துவிடும்போல் இருந்தது. சுருக்காத சர்க்யூட் சில நொடிகளில் சிப்புக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கான தடவை ஓடி முடிந்தது. திரையில் படம் விரிந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சம் பட்டைகள், வெட்டிவிட்ட புல் மாதிரி ஒரே மட்டமாக, ஒரு கோடி முதல் மறு கோடி வரை. ஓர் ஊசிகூட இல்லை.

"பாரு" என்றான் தம்பி. "நல்லாப் பாத்துக்கோ. உன் அல்காரிதம் ஓடின லட்சணம் இதுதான். இதுக்குத்தான் ஒரு குழுவையே காவு குடுத்தே."

அவள் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஊசி எழும்பியிருக்க வேண்டிய எட்டு இடத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். புல்தான்.

"இத எழுதப் போறேன்" என்றாள்.

"எத?"

"முதல் தடவையா ஓட்டினோம், விடை வரலன்னு."

"அதுல என் பேர் வரக் கூடாது."

"சரி."

அவன் இன்னும் கொஞ்சம் சண்டையை எதிர்பார்த்திருந்தான். அவள் அவனுடைய மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்து தட்ட ஆரம்பித்துவிட்டாள். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். சர்க்யூட்டின் நீளம், ஓட்டிய விதம், வந்த படம். எங்கே செத்தது என்பதற்கு ஒரு வரி வேண்டும். கணக்கின் முந்நூறாவது படியைத் தாண்டியதும் என்று ஒரு ஊகத்தை எழுதினாள்.

தம்பி அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான்.

"முந்நூறு படி வரைக்கும் தாங்கும்னு யார் சொன்னது? இருநூத்தி எழுபதுக்கு மேல ஒண்ணும் உயிரோட இருக்காது. தெரியாததையெல்லாம் எழுதாதே."

அவள் முந்நூறை அழித்துவிட்டு இருநூற்று எழுபது என்று போட்டாள். ஏன் எழுபது என்று கேட்டாள். அவன் எரிச்சலோடு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, எந்தக் கம்பி முதலில் சாகிறது, அது பக்கத்துக் கம்பியை எப்படிக் கெடுக்கிறது என்று விரலால் திரையைக் குத்திக் குத்திச் சொன்னான். சொல்லி முடித்ததும் எழுந்தான். என் பேர் எங்கேயாவது நன்றி கின்றி என்று வந்தால் நடப்பதே வேறு என்றான். பிறகு போய்க் குளிர்விப்பானை நிறுத்தினான். பம்புகளின் மூச்சு ஒன்றொன்றாக அடங்கியது. அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அவள் அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.